இரண்டு மரத் தூரம்

1. சிரிக்க வைத்த கேள்வி

"டீச்சர், இந்த ஓட்டை வழியா பாத்தா மனுஷனும் பன்னியும் ஒரே மாதிரியா தெரியும்?"

சுடும் வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏர் ரைஃபிளின் பின்பக்கத்தில் இருக்கும் சிறு துளையில் கண்ணை வைத்தபடி பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் பெயர் லோஷினி. தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்கு வர ஆரம்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

நான் காவல் துறையில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஆயுத அறையில் போயிற்று. துப்பாக்கிகளைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, சுத்தம் செய்வது, புதிதாக வரும் பெண் போலீசாருக்குச் சுடக் கற்றுக்கொடுப்பது. இப்போது மலேசியாவில் கோல சிலாங்கூருக்கும் தஞ்சோங் காராங்குக்கும் நடுவே உள்ள ஒரு கிளப்பில் சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டார்கெட் ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். துப்பாக்கி எல்லாம் கிளப்பின் லைசன்ஸில் இருப்பவை. பூட்டிய அலமாரியிலிருந்து எடுப்போம். முடிந்ததும் எண்ணி அதே அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். இந்த வேலைக்கு இப்போது இளம் பயிற்றுநர்கள் சிலர் வருகிறார்கள். அவர்கள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லோஷினி வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பற்றி ஓர் ஆச்சரியம் இருந்தது. முதல் நாள் யார் கையிலும் துப்பாக்கி கொடுக்க மாட்டேன். விதிகளை மட்டும்தான் சொல்வேன். எந்தத் துப்பாக்கியையும் லோட் ஆனதாகவே நினை. குழலை மனிதர் பக்கம் திருப்பாதே. சுடும் நேரம் வரும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். "எப்ப டீச்சர் சுடுறது?" என்பார்கள். லோஷினி மட்டும் கடைசி விதியை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "இது பெரியவங்களுக்கும் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் உண்டு."

"லைசன்ஸ் குடுக்கும்போது இதைச் சொல்லித்தான் குடுப்பாங்களா?"

"ஆமா. சொல்லணும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டைப் போட்டுச் சுடத் தொடங்கிய நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். நான் "ஸ்டார்ட்" சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் படபடவென்று சுட்டுத் தள்ளுவார்கள். இவள் ரைஃபிளைத் தூக்குவாள், பார்ப்பாள், இறக்கிவிடுவாள். மறுபடி தூக்குவாள், பார்ப்பாள், இறக்கிவிடுவாள். பக்கத்து லேனில் பெல்லட் பாயும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் குலுங்கும். ஏர் ரைஃபிள் சத்தம் ஒன்றும் பெரிய சத்தமில்லை, மேசையில் ஸ்கேலால் தட்டுவது போலத்தான் இருக்கும். அதற்கே அந்தக் குலுங்கல்.

"ஏன்மா சுடல? கை வலிக்குதா?"

"இல்ல டீச்சர். இன்னும் சரியா தெரியல."

கடைசியில் ஒரே ஒரு பெல்லட் சுட்டாள். டார்கெட் காகிதத்தைக் கம்பியில் இழுத்துப் பார்த்தேன். கறுப்பு வட்டத்தின் நடுவிலே ஓட்டை. புதிதாக வந்த பிள்ளை அப்படிச் சுட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது. மாவட்டம், மாநிலம் என்று மனசு எங்கெங்கோ ஓடிவிட்டது.

அடுத்த வாரம்தான் அவள் அந்தப் பன்றிக் கேள்வியைக் கேட்டாள்.

"தெரியாதும்மா. மனுஷன் மனுஷனாத்தான் தெரிவான். பன்னி பன்னியாத்தான் தெரியும்," என்றேன்.

"இருட்டுனாலும்?"

"இருட்டுனா எதுவும் தெரியாது. தெரியலைன்னா சுடக்கூடாது. அவ்வளவுதான்."

"அப்ப பன்னி மாதிரி தெரிஞ்சிச்சுன்னு ஒருத்தர் சொன்னா, அவரு பாத்தாருன்னு அர்த்தமா, பாக்கலைன்னு அர்த்தமா?"

மற்றப் பிள்ளைகளின் சிரிப்பு நின்றிருந்தது. முப்பது வயதுப் போலீஸ்காரன்கூட என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

2. தாய் சொன்னது

லோஷினியை அழைத்து வருவது அவள் அம்மா பரமேஸ்வரி. மீன் உருண்டை செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இரவு ஷிஃப்டாகக் கேட்டு வாங்கி, காலையில் மகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வருவார். பயிற்சி முடியும்வரை வரிசைக்குப் பின்னால் உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மற்ற அம்மாக்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பரமேஸ்வரி மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று பயிற்சி முடிந்து, துப்பாக்கிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். லோஷினி வாசலில் மற்றப் பிள்ளைகளோடு ஐஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். மகள் கேட்டதைச் சொன்னேன்.

பரமேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. "கேட்டுட்டாளா?" என்றார். "கேப்பான்னு தெரியும் டீச்சர். அதுக்குத்தான் வந்தா."

பிறகு சொன்னார். நடுவில் ஒரு தடவைகூட அழவில்லை. அதுவே எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் முன்பு வடக்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தவர்கள். கணவர் சுகுமாறன் குலை வெட்டும் தொழிலாளி. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது என்று தோட்டத்தில் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் சிலரைப் பன்றி அடிக்க விட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குணசேகரன். அடுத்த வரிசை லயத்துக்காரர். சுகுமாறனோடு ஒன்றாகப் பந்து விளையாடியவர். கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி பரிமாறியவர். லோஷினிக்குக் குணா மாமா.

ஒரு நாள் வேலை முடிந்து சுகுமாறன் வாய்க்காலில் மீன் கூடு வைக்கப் போனார். பொழுது சாய்கிற நேரம். கூட்டைத் தண்ணீருக்குள் இறக்கக் குனிந்திருக்கிறார். புல் ஆளுயரம். அந்தப் பக்கத்து வரிசையில் குணசேகரன் துப்பாக்கியோடு வந்துகொண்டிருந்தார். ஒரு வெடி. அதற்குப் பிறகு குணசேகரன் போட்ட கூச்சல் லயம் வரைக்கும் கேட்டதாம். அவரேதான் சுகுமாறனைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். லோரி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. மருத்துவமனைக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

"ஜெயிலுக்குப் போனாரு. அபராதம் கட்டுனாரு. துப்பாக்கியப் புடுங்கிட்டாங்க. அது எல்லாம் நடந்துச்சு டீச்சர்," என்றார் பரமேஸ்வரி. "கோர்ட்டுல அவரு என்ன சொன்னாரு தெரியுமா? பன்னி மாதிரி தெரிஞ்சிச்சுன்னு சொன்னாரு. இவ என் பக்கத்துல உக்காந்திருந்தா. வீட்டுக்கு வந்து சாப்பாடு போடுறேன், கேக்குறா, 'ஏம்மா, அப்பா பன்னி மாதிரியா இருந்தாரு?'ன்னு."

காவல் துறையில் இருந்தபோது எத்தனையோ துப்பாக்கிச் சம்பவங்களின் விவரங்களைக் கேட்டிருக்கிறேன். எந்தச் சம்பவமும் என்னை இப்படி உட்கார்ந்த இடத்தில் கட்டிப்போட்டதில்லை.

"தோட்டத்துல எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க. பன்னின்னு நெனச்சு அடிச்சிட்டாங்க, பாவம்னு. நல்ல மனசோடதான் சொல்லுவாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க சும்மா இருக்குமா? 'பன்னி மவ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிச்சுங்க. தாங்க முடியாமத்தான் தோட்டத்தை விட்டே வந்தேன். இவ விடல டீச்சர். துப்பாக்கியில பாத்தா எப்படித் தெரியும், நான் பாக்கணும், நான் பாக்கணும்னு ஒரே பிடி. முடியாதுன்னேன். அடிச்சுக்கூடப் பாத்தேன். அப்புறம் யோசிச்சேன். என்கிட்ட பதில் இல்ல. பதில் இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்னு கொண்டாந்து விட்டேன்."

"இதை முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா சேத்துருப்பீங்களா?"

அதற்கு நான் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், சேர்த்திருக்க மாட்டேன்.

3. கிளப்பில் நடந்த பேச்சு

கிளப் செயலாளர் லிம்மிடம் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். இதெல்லாம் மறைத்து வைக்கிற காரியமில்லை. அவர் மலாயில் சொன்னார்: "அந்தப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு ஏதாவது ஆனால் கிளப்பை மூடிவிடுவார்கள். நிறுத்திவிடுங்கள்."

அவர் சொன்னது தவறில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்தப் பெண்ணை நான் வரிசையில் பார்த்திருக்கிறேன். சரியாகத் தெரியும்வரை சுட மாட்டேன் என்று ரைஃபிளை இறக்கி இறக்கி வைத்தவள் அவள். வரிசையில் நின்ற பிள்ளைகளிலேயே எனக்குக் குறைவான பயம் தந்தவளும் அவள்தான். இதை லிம்மிடம் சொன்னேன். அவள் எப்போதும் கடைசி வலது லேனில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நிற்பாள். அம்மா பெஞ்சில் இல்லாத நாளில் துப்பாக்கி கொடுக்க மாட்டேன். பள்ளி ஆலோசகரிடமும் பேசச் சொல்கிறேன் என்றேன். அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

"உங்கள் பொறுப்பு, சார்ஜன்," என்றார்.

"என் பொறுப்புதான்," என்றேன்.

4. புல் வெட்ட வந்தவர்

எங்கள் ரேஞ்சின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சுடும் வரிசைக்கு மேலே கூரை உண்டு. எதிரே திறந்த புல்தரை, அதற்கு அப்பால் டார்கெட்டுகள், பின்னால் சுவர். புல்தரையின் வலது பக்கம், டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கம்பிவேலியில் ஒரு கேட். புல் வெட்டுகிறவர் உள்ளே வருவதற்கான வழி அது. அவர் வார நாட்களில்தான் வருவார். நான் சனிக்கிழமை மட்டும் போகிறவள், அதனால் அவரைப் பார்த்ததே இல்லை. லிம்மிடம் பேசிய அடுத்த வாரம் முழுவதும் மழை. புல் வெட்ட முடியவில்லை. வெயில் அடித்த சனிக்கிழமை காலையில் வேலையை முடித்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டார். கேட்டின் சாவி அவரிடம் இருந்தது.

பிள்ளைகள் லோட் செய்திருந்தார்கள். நான் "ஸ்டார்ட்" சொல்லி ஒருவர் இருவர் சுட்டிருப்பார்கள். ஏர் ரைஃபிள் சத்தம் ரேஞ்சுக்கு வெளியே அவ்வளவாகக் கேட்காது. கேட் திறந்தது. தலையில் முகத்தை மூடும் கவசம், தோளில் புல் வெட்டும் மெஷினோடு ஓர் ஆள் நேராகப் புல்தரைக்குள் நடந்து வந்தார்.

"ஸ்டாப்!"

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் விரலை எடுத்து, ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்தார்கள். குழல் எல்லாம் அவரவர் டார்கெட்டைப் பார்த்து இருந்தது. அந்த ஆள் திடுக்கிட்டு நின்றார். ஏன் கத்துகிறேன் என்று புரியாமல் முகக் கவசத்தைக் கழற்றினார். அப்போதுதான் தன் எதிரே வரிசையாக நீட்டியிருக்கும் குழல்களைப் பார்த்தார். மெஷின் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

எனக்குப் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. பரமேஸ்வரி எழுந்து நின்றுவிட்டார்.

"குணாண்ணே," என்றார்.

சுகுமாறனைச் சுட்ட அதே குணசேகரன். திரும்பி லோஷினியைப் பார்த்தேன். அவள் அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வலது லேன். கேட்டுக்கு மிக அருகில் இருக்கும் லேன். இதை என் பாதுகாப்பு ஏற்பாடு என்று லிம்மிடம் நான்தான் சொன்னேன். அவளுடைய ரைஃபிளில் பெல்லட் இருந்தது. இடது கை இன்னும் ரைஃபிளின் மேல் இருந்தது. குழல் கொஞ்சம் திரும்பினால் போதும்.

நான் ஓர் எட்டு எடுத்து வைத்தேன். அவள் என் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"டீச்சர், என் ரைஃபிள்ல பெல்லட் இருக்கு. அவர வெளிய வரச் சொல்லுங்க."

அந்தக் குரலை நான் மறக்கப் போவதில்லை. அதில் கோபம் இல்லை. பயம்கூட இல்லை. வகுப்பில் கையைத் தூக்கிச் சொல்வது போலச் சொன்னாள். நான்தான் அவளை நம்புவதா, ரைஃபிளைப் பிடுங்குவதா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு என் கையை அவள் ரைஃபிளின் மேல் வைத்து அழுத்தியபடி, "குணசேகரன், அந்த கேட் வழியாவே வெளிய போயி, சுத்தி பின்னால வாங்க. மெஷின எடுக்காதீங்க," என்று கத்தினேன்.

அவர் நடந்தார். நடக்கும்போது இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பெல்லட் உள்ளே போய்விட்டால் ஏர் ரைஃபிளிலிருந்து அதைப் பின்னால் எடுக்க முடியாது. டார்கெட்டை நோக்கிச் சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். அவர் வெளியே போய், கேட்டைச் சாத்தி, கூரைக்குப் பின்னால் வந்து நின்ற பிறகு, ஒவ்வொரு லேனாக "அன்லோட்" சொன்னேன். கடைசியில் லோஷினி. அவள் தோளில் ரைஃபிளை வைத்தாள். எப்போதும் போலப் பார்த்தாள். சுட்டாள். லிவரைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டும் ஆரஞ்சு நிறச் சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலுக்குள் செருகினாள். ரைஃபிளை மேசையில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து, "காலி டீச்சர்," என்றாள்.

அதற்குப் பிறகுதான் திரும்பி அவரிடம் போனாள்.

5. கேட்டதும் சொன்னதும்

குணசேகரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறையிலிருந்து வந்த பிறகு லயத்துக்குத் திரும்பாமல் இந்தப் பக்கம் புல் வெட்டும் வேலைக்கு வந்துவிட்டவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஆள் உயரமானவர், ஆனால் குறுகிப்போயிருந்தார். லோஷினி அவர் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். பரமேஸ்வரி ஓடி வந்து மகளின் தோளைப் பிடித்தார். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"மாமா, நீங்க எவ்ளோ தூரத்துலேர்ந்து சுட்டீங்க?"

"பாப்பா..."

"சொல்லுங்க மாமா. அந்த டார்கெட் தூரமா?"

அவர் டார்கெட்டைப் பார்த்தார். "அதைவிட தூரம். ரெண்டு மரம் தள்ளி."

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியும். செம்பனை வரிசையில் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் ஒன்பது மீட்டர் போல இடைவெளி என்று அதற்குள் ஓடி விளையாடியவளுக்குச் சொல்லவா வேண்டும்? லோஷினி புல்தரையைத் திரும்பிப் பார்த்து அளந்தாள்.

"அது ரொம்ப தூரமில்ல. அங்கேர்ந்து பாத்தா தெரியுமே."

"இருட்டிக்கிட்டு வந்துச்சு பாப்பா."

"எங்கப்பா பன்னி மாதிரி தெரிஞ்சாரா?"

பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் அப்படியே நின்றிருந்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். நான் அவர்களை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

குணசேகரன் தூணை விட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டார். அப்போது அவர் முகமும் லோஷினியின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"இல்ல பாப்பா. நான் பாக்கவே இல்ல. புல்லு ஆடுச்சு. தண்ணில சலசலன்னு சத்தம் கேட்டுச்சு. அடிச்சிட்டேன். பன்னியவும் பாக்கல, மனுஷனவும் பாக்கல. எதையுமே பாக்கல."

"கோர்ட்டுல அப்படிச் சொல்லலியே நீங்க!" பரமேஸ்வரியின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. "பன்னி மாதிரி தெரிஞ்சிச்சுன்னு தானண்ணே சொன்னீங்க? எம் புருஷன ஊரே பன்னி பன்னின்னு பேசுச்சே, காதுல விழுந்துச்சா இல்லியா உங்களுக்கு?"

"விழுந்துச்சு தங்கச்சி."

"அப்புறம்?"

"பாக்காம அடிச்சேன்னு சொன்னா ரொம்ப வருஷம் உள்ள போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன். பாத்தேன், தப்பா தெரிஞ்சிச்சுன்னு சொன்னா மன்னிப்பாங்கன்னு நெனச்சேன். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி... எனக்கே அது நெசமாட்டம் ஆயிருச்சு."

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி, அவர் புல்தரைக்குள் நடந்து வந்தபோது ஏற்பட்டதைவிடப் பெரியது. கேட் வழியாக உள்ளே வந்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. ஒரு சின்னப் பெண் இத்தனை காலம் எதைச் சுமந்து திரிந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் அப்பா எதைப் போலவும் தெரியவே இல்லை. அந்த ஆள் பார்க்கவே இல்லை.

லோஷினி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"அப்ப எங்கப்பா பன்னி மாதிரி இல்ல."

"ஒருநாளும் இல்ல பாப்பா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என்னிடம் திரும்பி, "டீச்சர், இன்னும் டார்கெட் மிச்சம் இருக்கு. சுடலாமா?" என்று கேட்டாள்.

என் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. கை நடுங்குகிற ஆள் வரிசையை நடத்தக் கூடாது. பிள்ளைகளுக்குச் சொல்லும் விதி எனக்கும்தான். "இன்னிக்குப் போதும்மா. டீச்சரால முடியல," என்று சொல்லி ரேஞ்சை மூடினேன்.

6. கோயிலில்

அன்று மாலை பரமேஸ்வரி எனக்குப் போன் செய்தார். போலீஸில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். நான் முன்னாள் போலீஸ்காரி. என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வழக்கு முடிந்துவிட்டது, தண்டனையும் முடிந்துவிட்டது. மறுபடி எடுக்க முடியுமா என்பதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் நான் வருவேன்.

"அவரு மறுபடி ஜெயிலுக்குப் போயி எனக்கு என்ன ஆகப்போவுது டீச்சர்? அவரு என்ன பொய் சொன்னாரோ, அதைக் கேட்டவங்க முன்னால நெசத்தைச் சொல்லணும். தோட்டத்துல வந்து சொல்லணும்," என்றார் பரமேஸ்வரி.

குணசேகரனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் பிரசாதம் வாங்கிக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்றார். நான் பரமேஸ்வரிக்கும் லோஷினிக்கும் பக்கத்தில் இருந்தேன். ரேஞ்சில் சொன்னதையே சொன்னார். பன்றி என்று நினைத்துச் சுடவில்லை, பார்க்காமலே சுட்டேன், கோர்ட்டில் சொன்னது பொய்.

தோட்ட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் வயதான மண்டோர் ஒருவர், "முடிஞ்சு போனதை இப்ப எதுக்குய்யா கிளறுறே? ஒக்காரு லா," என்றார்.

"இல்ல மண்டோரே. சுகு பேரைக் கெடுத்தது நானு. சொல்லிட்டுப் போயிடுறேன்," என்றார் குணசேகரன். முழுவதும் சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவர்கூட அவருக்கு ஆறுதல் சொல்லப் போகவில்லை. இரண்டு பெண்கள் வந்து பரமேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். லோஷினியின் பழைய வகுப்புத் தோழி ஒருத்தி வந்து தன் பிரசாதத்தில் பாதியை இவளுக்குக் கொடுத்தாள்.

7. இதில் நான் கற்றது

கிளப்பில் அந்த கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டோம். வேறு வழியாகத்தான் புல் வெட்ட வர முடியும். துப்பாக்கிகளை உள்ளே வைத்துப் பூட்டும்வரை அந்த வழிக்கான சாவியை யாருக்கும் கொடுப்பதில்லை. இதெல்லாம் எந்த ரேஞ்சிலும் இருக்க வேண்டியவை. இளம் பயிற்றுநர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

லோஷினி அந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை வந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். மாநிலக் குழுவில் எடுக்கக்கூடிய பிள்ளை என்று பரமேஸ்வரியிடம் வாதாடிப் பார்த்தேன். "பேட்மிண்டன் ஆடப்போறாளாம் டீச்சர்," என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அவ இங்க எதைத் தேடி வந்தாளோ அது கெடச்சிருச்சு." பிறகு யோசித்தபோது அவர் சொன்னது சரி என்றே பட்டது. நான்தான் பதக்கத்துக்காகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கிப் பாதுகாப்பு என்பது கையும் கண்ணும் சம்பந்தப்பட்டது என்றுதான் என் பணிக்காலம் முழுவதும் சொல்லி வந்தேன். விரல் எங்கே, குழல் எங்கே, பின்னால் என்ன. டிரிகரை அழுத்தியதோடு விதிகள் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சுட்ட பிறகும் ஒரு விதி இருக்கிறது. சுடும்போது என்ன பார்த்தாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். குண்டு ஒருவரைத்தான் கொன்றது. அதற்குப் பிறகு சொன்ன பொய் ஒரு வீட்டையே லயத்தை விட்டுத் துரத்தியது.

இப்போது என் வகுப்பில் டார்கெட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பிள்ளையும் தன் பெல்லட் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டும். டிரிகர் அழுந்திய அந்த நேரத்தில் கண்ணில் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். நடுவில் பட்டதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. சொன்னதும் ஓட்டையும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பேன். முதலில் எல்லாரும் நடு வட்டத்தைச் சொல்லி "டென், டீச்சர்" என்பார்கள். டார்கெட்டை இழுத்துப் பார்த்தால் பெல்லட் காகிதத்திலேயே இருக்காது.

போன சனிக்கிழமை புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் சுட்டாள். எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். வரிசையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சிவந்து, காதைச் சொறிந்தாள்.

"தெரியல டீச்சர். பயத்துல கண்ண மூடிட்டேன். நான் பாக்கல."

பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் அவர்களை நிறுத்தினேன். அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, இங்கே எல்லாரும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன்.